நாங்கன்னா யாரு?

என்னங்க,

உங்கள் அண்ணன் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் பதிவு செய்திருந்த சாப்பாட்டுச் சுற்றுலாவுக்கு நான் மட்டும் வந்துவிட்டேன். ஊர் உங்களுக்குப் பிடித்திருக்கும். கடைத்தெரு முழுக்க உரக்கடையும் பம்புசெட் கடையும்தான். காலையில் வெங்காய மண்டியைச் சுற்றிக் காட்டினார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வெங்காயத்தால்தான், நீங்களாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மதியம் அரிசி ஆலையில், அன்றைக்கு அரைத்த அரிசியையே வடித்துப் பரிமாறினார்கள். சமையல்கார அம்மாவிடம், "நாங்க உப்பு கம்மியாத்தான் சாப்பிடுவோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நாங்கன்னா? இன்னும் யாரும்மா வராங்க?"

கேட்டுக்கொண்டே பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்துவிட்டார். எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் அண்ணி உப்பை அள்ளிப் போடுவார். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

அந்த ஆலையிலேயே ஒரு பை அரிசி வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் உலை வைக்க வேண்டும். ஒரு ஆளுக்கா, இரண்டு ஆளுக்கா என்று மட்டும் போன் செய்து சொல்லுங்கள். சண்டையைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
பிரஷர் இல்லாமலே உப்பைக் குறைத்தவள்