கட்டி எண்டு சொல்லி வைத்தது

2025 ஜூன் 4, புதன்

இடது பக்கம் உடைந்துவிட்டது. ஸ்கான் எடுத்த பெட்டை அந்த அறையிலேயே சொல்லிப்போட்டாள். "அன்ரி, கவர் கிழிஞ்சிருக்கு. ஆனா உள்ளுக்கேதான் நிக்குது, பரவேல்லை. கான்சர் ஒண்டும் இல்லை. டொக்டரைக் காட்டி மாத்துங்கோ."

மாத்துங்கோவாம். சென்னையில் மார்புக்குச் சிலிக்கன் வைத்துப் பதினேழு வருஷம். கொஞ்ச மாதமாக இடது பக்கம் கல்லு மாதிரி இறுகி, ஒருபக்கம் சரிந்து படுக்கவும் ஏலாமல்தான் இருந்தது. வயசுக் கோளாறு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இவருக்குத் தெரியாது. உடைந்தது மட்டுமில்லை, வைத்ததே தெரியாது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். அந்தத் தழும்பு கட்டி எடுத்த தழும்பு என்றுதான் என் மனுசன் கிருபாகரன் நம்பிக்கொண்டிருக்கிறார். இனி ஒபரேசன் என்றால் என்னத்தைச் சொல்லித் தொடங்கிறது?

ஜூன் 5

ரிப்போட் வந்ததா என்று மூன்று தரம் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். இரவு சாப்பாட்டைப் பிசைந்துபோட்டு அப்படியே எழும்பிவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் அரிசி களையும்போது சிரிப்பு வந்துவிட்டது. நிப்லாவை நினைத்துத்தான்.

2008இல் நானும் அவளும் வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு விமான டிக்கெட் ஒஃபிசில் வேலை. எனக்கு முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் பட்டம் 'பலகை'. சட்டை தைக்கக் கொடுத்தால் தையல்காரி என்னைக் கேட்காமலே உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துத் தருவாள். எனக்கு ஒரு ஆசை, அவ்வளவுதான். யாரோ பார்க்கவேணும் என்று இல்லை. கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்றால் ஒரு வளைவு தெரியவேணும். இதை நிப்லாவிடம் மட்டும் சொன்னேன். "அதுக்கென்ன டீ, ஸ்டாஃப் டிக்கெட் ஈக்கிதானே" என்றாள்.

சென்னை டொக்டர் மெயிலில் எழுதியிருந்தார்: நைலோன் காலுறையில் அரிசியை நிரப்பி, உள்ளாடைக்குள் வைத்து ஒரு நாள் முழுக்க நடமாடுங்கள், எந்த அளவு பிடிக்கிறதோ அதை எழுதி அனுப்புங்கள் என்று. வீட்டில் நாங்கள் அரிசி அளக்கிறது டின்பால் பேணியால்தானே, அது நிறைய இருந்தால் ஒரு சுண்டு. நானும் பேணியால் அளந்து வைத்துப் பார்த்து, 'ஒரு சுண்டு' என்று மெயில் போட்டேன். அவர் திருப்பி எழுதினார்: "மேடம், சுண்டு என்றால் என்ன?" நிப்லா பேணி நிறையத் தண்ணீர் எடுத்து, தன் கடைசி மகளின் பால் போத்தலில் ஊற்றி அளந்தாள். முந்நூறு மில்லி.

அன்றைக்கு ஒரு ஐயா டுபாய் டிக்கெட் எடுக்க வந்து முன்னால் நிற்கிறார். நான் எழும்புகிறேன், கீரிச்சம்பா அரிசி பொலபொலவென்று கொட்டுது! காலுறை பிய்ந்துபோயிருக்கிறது. ஐயா வாயைத் திறந்தபடி நிற்கிறார். நிப்லா கொம்பியூட்டரில் இருந்து தலையைத் தூக்காமலே, "புறாவுக்குப் போட வெச்சீந்த அரிசி, சேர்" என்றாள். பிறகு ரெண்டு பேரும் பாத்ரூமுக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்பத்தைய நான், அந்த யோகேஸ்வரி, எவ்வளவு துணிஞ்ச ஆள். இப்ப எங்க போனாள்?

ஜூன் 11, புதன்

சென்னையில் பத்து நாள் லொட்ஜில் கிடந்தோம். என்னால் கையைத் தூக்க ஏலாது. நிப்லாதான் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், இட்லி ஊட்டிவிட்டாள். பின்னேரங்களில் ரீவியில் பழைய படம். என் வாழ்க்கையிலேயே சந்தோசமாய் இருந்த பத்து நாள் எதுவென்று கேட்டால், வலியோடு கிடந்த அந்தப் பத்து நாளைத்தான் சொல்லுவேன். கல்யாணமெல்லாம் அதற்குப் பிறகுதான். இதை இவர் வாசித்தால் என்ன நினைப்பார்?

பொய் பிறந்தது திரும்பி வரும் வழியில். கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து வாடகை வான் ஒன்றில் வருகிறோம், செக்பொயின்றில் இறக்கினார்கள். சண்டை நடந்த அந்த நேரம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. தமிழ்ப் பெட்டை, ஐடியில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், நெஞ்சு முழுக்கக் கட்டு, அதற்குள் கல்லு மாதிரி ஏதோ ரெண்டு. பொலிஸ்காரி தடவினவள் கையை அப்படியே எடுத்துவிட்டாள். "மொகத மே?" என்ன இது என்று கேட்டபடி பின்னுக்குப் போகிறாள். அங்கால ஒருத்தன் துவக்கைத் தூக்குகிறான்.

நிப்லா ஓடிவந்தாள். "ஒபரேஷன் எகக், நங்கி! கெடியக் அயின் களா!" தங்கச்சி, இவவுக்குக் கட்டி ஒண்டு எடுத்தது.

அந்தப் பொலிஸ்காரியின் முகம் அப்படியே மாறிவிட்டது. கதிரை கொண்டுவந்து தந்தாள். தண்ணீர் தந்தாள். தன்ர அம்மாவுக்கும் கட்டி என்று சொன்னாள்.

அந்தக் கதிரையில் இருந்தபடிதான் எனக்கு விளங்கினது. நோய் எண்டால் மரியாதை. ஆசை எண்டால் அவமானம். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் அதையே சொன்னேன். ரெண்டு வருஷம் கழித்துக் கல்யாணம் பேசி வந்தபோதும் அதையே.

ஜூன் 14, சனி

டொக்டர் மிஸ்ஸைப் பார்த்தேன். தன்மையான மனுசி. வழி மூன்று. ரெண்டையும் எடுத்துவிட்டு அப்படியே விடலாம், தோல் கொஞ்சம் தொய்யும். அதே அளவில் புதுசு வைக்கலாம். இல்லாவிட்டால் சின்னதாக வைக்கலாம். "அவசரம் இல்லை, ஆனா வருஷக்கணக்கில விடவும் கூடாது." ஜூலை பதினெட்டுக்கு நாள் குறித்தாயிற்று. கூட ஒரு ஆள் வரவேண்டும் என்றா. "ஹஸ்பண்ட் வருவார்தானே?"

வருவார் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை என்றால் இவர் விடிய ஐந்தரைக்கே வெளிக்கிட்டுவிடுவார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய்விட்டு, பழைய சோனகத் தெருவில் தன் ஹாட்வெயார் கொம்பனிக்கு நடை. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த ஆள், சைவமோ கிறிஸ்தவமோ எல்லாருக்கும் அங்கே அந்தோனியார் பொதுதானே. பழைய கூட்டாளிகளைக் கண்டு கதைத்து, பிளேன்ரீ குடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைக்கிறது. இன்றைக்கு அரை மணி முந்திப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

சொல்லிப்போட்டன்.

ரிப்போட்டைக் கண்டெடுத்துவிட்டார். இங்கிலீசில் இருந்ததில் அரைவாசி விளங்கவில்லை, 'இடது மார்பு' மட்டும் விளங்கியிருக்கிறது. ஹோலில் லைற்றைப் போடாமல் இருந்தவர், "திரும்பி வந்திட்டுதா? எனக்கு ஏன் ஒளிக்கிறாய்?" என்று கேட்டார். அந்தக் குரலுக்கு என்னால் இன்னொரு பொய் சொல்ல ஏலாமல் போயிற்று. கட்டியே இல்லையப்பா, ஒரு நாளும் இருக்கேல்லை. இது நான் ஆசைப்பட்டு வச்சது. அரிசி, சென்னை, செக்பொயின்ற் எல்லாத்தையும் கொட்டினேன்.

கத்துவார் என்று பார்த்தேன். அவர் சுவரில் இருக்கிற, செத்துப்போன தன் அக்காவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "அக்கா இதயம் நிண்டு சாகேல்லை."

அவ நெஞ்சில் கட்டி வந்து செத்தவவாம். முப்பத்தெட்டு வயசில், கொட்டாஞ்சேனை வீட்டில், ஆறு மாதம் அலறி. குடும்பத்தில் கான்சர் என்றால் ஒருத்தரும் பெண் தரமாட்டார்கள் என்று இவரின் அண்ணா நாகேந்திரம் எங்களுக்கு 'ஹார்ட்' என்று சொல்லிச் சம்பந்தம் முடித்திருக்கிறார். சாதகக் குறிப்பு பொருந்தினது, பொய்யும் பொருந்தினது.

"நீ கட்டி எண்டு சொன்ன நாளில இருந்து நான் நித்திரை கொண்டேனா? பதினைஞ்சு வருஷம்! ஒரு செவ்வாய் விட்டிருப்பேனா? அங்க மெழுகுதிரி விக்கிற மனுசிக்கும் உன்ர பேர் தெரியும்!"

ஐயோ. பிளேன்ரீ குடிக்கப் போறார் எண்டு நினைச்சனே.

ஜூன் 21

கதைக்கவில்லை. தேத்தண்ணியும் தானே போட்டுக் குடித்தார்.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு இவர் எழும்பவில்லை. நான் போனேன். நூறாம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து திரீவீல். மெழுகுதிரி மனுசியிடம் போய், கண்ணாடி போட்ட, மெல்லிசான ஒருத்தர் வருவாரே, அவரின்ர மனுசி நான் என்றேன்.

அவ என் கையைப் பிடித்துவிட்டா. "யோகேஸ்வரி மிஸ்ஸா? நெஞ்சுக் கட்டி சுகமா? பாவம், அந்த ஐயா. மழையெண்டாலும் வருவார். கொரோனாவில கோயில் பூட்டியிருக்கக்குள்ளயும் றோட்டில நிண்டு கும்பிட்டுப் போவாராம். நானும் உங்களுக்கு ஒரு திரி கொளுத்துறது."

சுகம் என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸில் முழுக்க அழுதுகொண்டு வந்தேன். பக்கத்துச் சீற்று அம்மா ஒரு ரொஃபி தந்தா.

ஜூன் 29, ஞாயிறு

ஒன்பது நாளைக்குப் பிறகு வாய் திறந்தார்.

"எனக்காகவோ செய்தனி?"

"உங்களை எனக்கு அப்ப தெரியவே தெரியாது."

"அப்ப ஆருக்காக?"

"எனக்காக."

பிறகு, "இப்ப எடுத்தெறிஞ்சு போட்டு விடேன். நாப்பத்தெட்டு வயசு. இனி ஆருக்குக் காட்டப் போறாய்?"

எனக்குச் சுர்ரென்று ஏறினது. "மாதத்துக்கு ஒருக்கா தலைக்கு மை பூசிறியளே, அது ஆருக்குக் காட்ட?" என்றேன். மூஞ்சி விழுந்துபோய்ப் பல்கனிக்குப் போனார். வெளியே ரயில் போய் முடியும்வரை பொறுத்துவிட்டு நானும் போனேன். பொய் சொன்னதுக்கு என்னை என்னவும் சொல்லுங்கோ, காலில விழுந்தும் கேக்கிறன். ஆனா ஆசைப்பட்டதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டன். திரும்ப வைக்கத்தான் போறன்.

உள்ளே போனவர் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி போட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

நிப்லா தெஹிவளையிலிருந்து வந்தாள். இப்ப பேரப்பிள்ளை இருக்கிறது அவளுக்கு, முழங்கால் நோ வேறு. "செல்லு, இந்த முறை எத்தின சுண்டு?" என்று கேட்டுக்கொண்டுதான் படியேறினாள். குசினியில் கதவைச் சாத்திவிட்டு அரிசியை அள்ளினோம். ஒரு சுண்டு இப்ப கனக்கிறது, இடுப்பு நாரி பிடிக்கிறது. அரைச் சுண்டில் மனம் நிறையவில்லை. நிப்லா பக்கவாட்டில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாள், நான் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். ரெண்டு கிழவிகளும் சிரித்த சிரிப்பில் இவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

கையில் காலுறை, நிலமெல்லாம் அரிசி. சாறித் தலைப்பை இழுத்து மூடினேன். நிப்லாவுக்கு வெட்கமே கிடையாது, அண்ணன் முறையில் இவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். "முக்கால் சுண்டு எண்டு முடிவெடுத்தீக்கி, நானா. சரியா?"

இவர் போய்விடுவார் என்று நினைத்தேன். மேல் தட்டிலிருந்து கோடு போட்ட பிளாஸ்ரிக் ஜக்கை எடுத்துத் தந்தார். "சுண்டு எண்டு எழுதிக் குடுத்து இன்னொருக்கா மானத்தை வாங்காதேங்கோ. மில்லியில எழுதுங்கோ."

இருநூற்று இருபத்தைந்து.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறு மணி. இன்னும் கொஞ்சத்தில் உள்ளே கூப்பிடுவார்கள். பக்கத்தில் இருக்கிறார். ஃபோமில் முந்தைய சத்திரசிகிச்சை என்ற இடத்தை நிரப்பித் தரச்சொல்லிக் கேட்டேன், நீயே எழுது என்றார். கோபமா, தெரியாது. எழுதினேன்: சென்னை, 2008, சிலிக்கன்.

ஜூலை 22

வீட்டில்தான். வலி பரவாயில்லை, பதினேழு வருஷத்துக்கு முன்னால் நொந்த அளவுக்கு இல்லை. லொட்ஜில் அந்தப் பழைய படங்களின் சத்தம் இப்பவும் காதில் கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

மத்தியானம் லண்டனிலிருந்து நாகேந்திரம் அண்ணா கோல் எடுத்தார். என் ஒபரேசன் விசயம் அங்கேயும் போய்விட்டது. நான் அறையில் படுத்திருந்தேன், இவர் குசினியில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கிருபா, யோகாவுக்குக் கட்டி திரும்பி வந்திட்டுதாமே? எங்கட அக்காவுக்கு வந்த மாதிரியே?" அண்ணாவுக்குக் குரல் உடைந்துபோயிருந்தது.

இவர் 'ஓம், அதுதான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். குடும்பமே எனக்காக அழும், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதைச் சொல்லிவிட்டால் நல்லதென்று என் மனம் ஒரு கணம் கெஞ்சினது.

வெட்டுகிற சத்தம் நின்றது.

"இல்லை அண்ணா. கட்டி ஒண்டும் இல்லை. முந்தியும் இருந்ததில்லை. அவ வடிவுக்கு வச்சது. பழசாப் போச்சு, மாத்தினம்."

அண்ணா மெதுவாக, "வடிவுக்கோ? ஏன்?" என்றார்.

"ஏனெண்டா என்ன அண்ணா, அவவுக்கு விருப்பம்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தையல் இழுத்தது. தலையணையைக் கடித்துக்கொண்டேன். அண்ணா அதற்குமேல் என்னத்தைக் கேட்கிறதென்று தெரியாமல், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"நான்தான் சமைக்கிறன்" என்றார் இவர். "இண்டைக்குக் கத்தரிக்காய்."