மேட்டுக் குடியிருப்பின் தட்டைக் கோடு

மார்ச் 4, செவ்வாய்

என் கணக்கை அறுத்துவிட்டு, அறுத்த முண்டத்தின் அடியில் என் பெயரையே போட்டிருக்கிறார்கள். நடந்த அநியாயம் இதுதான். மற்றதெல்லாம் விவரம்.

விவரம்: மேட்டுக் குடியிருப்பில் அடுத்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை வீடுகள் புதிதாக இணைய இணைப்பு கேட்கும் என்பதற்கு நான் கொடுத்த எண்ணிக்கை 2,900. இன்று அச்சாகி மேசைக்கு வந்த திட்டப் புத்தகத்தில் இருப்பது 240. பக்கம் ஐம்பத்தேழு. ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் என் முழுப் பெயர், தலைப்பெழுத்தோடு. இருநூற்று நாற்பது வீட்டுக்காக எந்தக் கம்பெனியும் தெருவைத் தோண்டிப் புதுக் கேபிள் போடாது.

ஒன்பது சனிக்கிழமை அந்த மேட்டில் ஏறி இறங்கினேன். ஒரு வாசலில் எத்தனை அழைப்புமணி என்று எண்ணினேன். நான்கு மணி இருந்தால் உள்ளே நான்கு குடும்பம். பதிவேட்டில் ஒரு வீடு என்றுதான் இருக்கும். கொடியில் காயும் பள்ளிச் சீருடைகளை எண்ணினேன். ஒரு பெண்மணி என்னைத் திருடன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிடப் போனாள். அத்தனைக்கும் கிடைத்தது 240.

மார்ச் 5, புதன்

மேலாளர் தண்ணீர்க் குழாய் அருகே என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் துவைக்கப் போட்டேன்.

மார்ச் 6, வியாழன்

மேலாளரைப் போய்ப் பார்த்தேன். என்னைவிட இருபது வயது இளையவர். இந்த நோட்டில் அவருக்குப் பெயர் மழுப்பல்.

“நாங்க எதையும் மாத்தல சார். சிஸ்டம் மாத்துச்சு.”

“சிஸ்டத்துக்குக் கை முளைச்சிருக்கா?”

“ஒன்றரை வருஷமா மேட்டுக்கு லைன் குடுக்கிற எக்ஸ்சேஞ்சோட கோடு கிராஃப்ல தட்டையா கிடக்கு சார். உபயோகம் ஏறவே இல்ல. அங்க தேவை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.”

கோடு ஏன் தட்டையாகக் கிடக்கிறது? தினமும் மாலை ஏழு மணிக்கு உச்சத்துக்கு ஏறி, பத்து வரை பலகைபோல் படுத்திருக்கிறது. அதற்கு மேல் ஏற அந்த எக்ஸ்சேஞ்சில் இடம் இல்லை. இது கேபிள் இணைக்கிற தொழிலாளிக்குத் தெரியும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியவில்லை.

“ரொம்பி வழியிற பஸ் நிக்காமப் போகுது. நிறுத்தத்துல நிக்கிறவன் எல்லாம் ஊருக்குப் போக விருப்பம் இல்லாதவன்னு எழுதுவீங்களா?” என்றேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது, தட்டைத் தூக்கினால் அடியில் கரப்பான் கிடப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது.

“பதினெட்டாம் தேதி வரைக்கும் திருத்தலாம் சார். ஒரே வழிதான். பிழை திருத்தப் படிவத்துல ‘தயாரித்தவரின் பிழை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மறுபடி பரிசீலிப்பாங்க.”

“நான் செய்யாத பிழைக்கா?”

“ஒரு கையெழுத்துதானே சார்.”

ஒரு கையெழுத்துதானாம்! எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். கேபிள் இணைக்க வந்தவன். சராசரி, சதவீதம், வளைகோடு எல்லாம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை கிழிந்த புத்தகங்களை வைத்துக்கொண்டு நானே முட்டி மோதிக் கற்றவை. பட்டம் வாங்கியவனுக்குச் சுவரில் மாட்ட ஒரு காகிதம் இருக்கிறது. எனக்கு இந்தக் கையெழுத்து மட்டும்தான். போடமாட்டேன்.

மார்ச் 8, சனி

தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் இருப்பதும் அந்த மேட்டில்தான். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே இணையத்தில் மாலை வகுப்பு எடுக்கிறாள். விடச் சொன்னது நான். “வருஷக் கடைசிக்குள்ள புது லைன் வந்துடும், தைரியமா விடு” என்றேன். போன வருடம்.

மாலை ஏழேகாலுக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தாள். திரையில் அவள் முகம் அப்படியே உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி. படம் மீண்டு வந்தபோது பதினொரு பிள்ளைகளில் ஆறு பேர்தான் மிச்சம்.

“வந்துடும்ல அண்ணா?”

“வரும்.”

தங்கை கணவர், என் மச்சான், துணி மடித்துக்கொண்டே சொன்னார்: “எந்த வருஷக் கடைசின்னு மச்சான் சொல்லவே இல்லையே. நாமதான் அவசரப்பட்டுட்டோம்.”

240 என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“கையெழுத்துப் போட்டா லைன் வருமா, வராதா?”

“வரலாம்.”

“அப்ப போட்டுத் தொலைங்க.”

“செய்யாத தப்பை ஒத்துக்கணுமா?”

“முப்பத்தாறு வருஷத்துல செஞ்ச தப்பையே ஒத்துக்கிட்டதில்ல. இதுலயாவது பழகுங்க.”

மார்ச் 11, செவ்வாய்

தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். வரைபடம் இரண்டு, பஸ் உவமை ஒன்று.

மார்ச் 13, வியாழன்

பதில் வந்தது. ‘தங்கள் அக்கறைக்கு நன்றி. உரிய படிவத்தில் அனுப்பவும்.’ த்தூ.

மார்ச் 14, வெள்ளி

இன்று நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதிவிடுகிறேன்.

அந்தத் தட்டைக் கோட்டு விதியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுத்த மடையனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். மாடியில் அந்த மென்பொருளைக் கவனிப்பவள் ஒரு பெண். ஆபீஸில் எல்லோரும் ‘வளைகோடு’ என்பார்கள். அதிகம் பேசமாட்டாள்.

“இந்த விதியை எழுதுனது எவன்? பேரைச் சொல்லும்மா.”

“வேண்டாம் சார்.”

“யாரையாவது காப்பாத்துறியா?”

“ஆமா சார்.”

“சொல்லு!”

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். ‘மூன்று காலாண்டுகள் கோடு தட்டையாக இருந்தால், அப்பகுதியில் தேவை நிறைந்துவிட்டது என்று கொள்க.’ கையெழுத்துப் பிரதியின் நகல். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

என் எழுத்து.

“அப்படியே ஏத்துனோம் சார். ஒரு சொல்லைக்கூட மாத்தல. உங்க விதில யாரும் கை வெக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க.”

அந்த வருடம் பெரிய ஆலை மூடியது. ஊரில் பாதிப் பேர் வெளியேறினார்கள். எக்ஸ்சேஞ்சுகள் காலியாகக் கிடந்தன. அப்போது கோடு தட்டையாக இருந்தால் கேட்க ஆள் இல்லை என்றுதான் பொருள். ‘எக்ஸ்சேஞ்சில் இடம் காலியாக இருக்கும்போது மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை. இதுகூடவா ஒருவனுக்குத் தெரியாமல் போகும் என்று விட்டுவிட்டேன்.

“இந்த விதி இன்னும் எத்தனை இடத்துல வெட்டியிருக்கு?”

“இந்தத் திட்டத்துல மட்டும் முப்பத்தொரு இடம் சார்.”

மேட்டில் எனக்குத் தங்கை இருக்கிறாள், அதனால் தெரிந்தது. மற்ற முப்பதில் யார் யார் இருக்கிறார்களோ.

மார்ச் 15, சனி

கண்ணாடியைப் பார்க்காமல் சவரம் செய்தேன். இரண்டு இடத்தில் வெட்டு.

மார்ச் 16, ஞாயிறு

பரணில் கிடந்த பழைய நோட்டுகளை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். எங்காவது அந்த ஒரு வரியை எழுதியிருக்கமாட்டேனா? காலை முழுக்கத் தேடினேன். தும்மல்தான் மிச்சம்.

மாலை தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

“விடையை மட்டும் எழுதுற பசங்களுக்கு நான் மார்க் போடமாட்டேன் அண்ணா. வழியையும் எழுதணும்.”

நோட்டை மூடிவைத்துவிட்டு, “அப்ப லைன் வராதா?”

“தெரியல.”

“வரும்னு சொல்றப்ப எவ்வளவு சுலபமா சொன்னீங்க.”

மச்சான் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். கிண்டலே தேவலாம் என்று இருந்தது.

மார்ச் 17, திங்கள்

படிவத்தோடு மழுப்பலிடம் போனேன். முகம் மலர்ந்தது.

“பெரிய மனசு சார் உங்களுக்கு.”

“மனசு இல்ல. தப்பு. என் தப்பு.” படிவக் கட்டை அவர் மேசைமேல் வைத்தேன். “முப்பத்தொண்ணு இருக்கு. எண்ணிப் பாத்துக்குங்க.”

மலர்ந்தது சுருங்கியது. “எல்லாத்துக்குமா? மேல என்னைக் கேப்பாங்களே சார்!”

“கேக்கத்தான் செய்வாங்க. அடியில ‘சரிபார்த்தவர்’னு ஒரு இடம் இருக்கு பாருங்க. அது உங்களுக்கு.”

என் விதி தப்பு என்பதால் இவர்கள் செய்தது சரியாகிவிடாது. ஒன்பது வாரம் நடந்து எண்ணிய எண்ணை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டினார்கள். அருவருப்பு குறையவில்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு ஒதுக்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆக வேண்டியவை:

விடுபட்ட வரியை விதியில் சேர்ப்பது: வளைகோடு. இன்றே சேர்த்துவிட்டாள். இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

முப்பத்தொரு படிவத்திலும் கையெழுத்து: மழுப்பல். நாளை மாலை ஐந்துக்குள். அதுவரை அவர் எதிர் நாற்காலியில் நான்.

என் கணக்கில் கை வைத்தால் முதலில் என்னைக் கேட்பது: அவரும், அவருக்குப் பின் வருகிறவரும். எழுத்தில் வாங்க வேண்டும்.

மற்ற முப்பது இடங்களில் அழைப்புமணி எண்ணுவது: நான். ஓய்வு பெற இன்னும் ஐம்பத்தொரு சனிக்கிழமை இருக்கிறது. போதாது. மிச்சத்தை ஓய்வுக்குப் பிறகு.

பழைய பள்ளியில் இடம் காலியா என்று விசாரிப்பது: தங்கை. நான் கூட வரக் கூடாதாம்.

வரும் என்று யாரிடமும் சொல்லாமல் இருப்பது: நான்.