அப்பாவின் முன்பல்

அன்புள்ள அப்பா,

பல் செட் செய்யும் எங்கள் லேபில் கொடுத்த மேனேஜர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் என்னிடமிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

பாதி நாள் பல் செட் செய்வேன், மீதி நாள் சிலை செய்வேன். இனியும் அப்படித்தான். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலா நிக்காதே. மண்ணைப் பிசைஞ்சா சோறு வருமா?" என்று கேட்டு, என் மண் சிலைகளைக் கொட்டுகிற மழையில் தூக்கி வைத்தீர்கள். அதைப் பற்றி எழுதப்போவதில்லை.

உங்கள் புதுப் பல் செட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். டாக்டர் எடுத்த உங்கள் வாய் அச்சு எங்கள் லேபுக்குத்தான் வந்தது. பெயரைப் பார்த்து நானே எடுத்துக்கொண்டேன். "எல்லாப் பல்லும் நேரா இருக்கட்டும்மா" என்றார் முதலாளி. நான் கேட்கவில்லை. இடது முன்பல் கொஞ்சம் சாய்ந்தால்தான் அது உங்கள் சிரிப்பு. உங்கள் முகத்தை மண்ணில் செய்து செய்து பிடிபட்ட சாய்வு அது.

"உங்கப்பாவுக்குப் பழைய சிரிப்பு திரும்பிடுச்சுடி" என்றாள் அம்மா, போனில். அவளுக்கும் தெரியாது.

சோறு வருமா என்று கேட்டீர்களே, தினமும் அந்தப் பல் செட்டால்தான் சோறு மெல்கிறீர்கள்.

இப்போது கோபம் வரும். தாராளமாகப் பல்லை நறநறவென்று கடியுங்கள். உடையாது, நான் செய்தது.

உங்கள்
சின்ன மகள்