வாயோடு வாய் கட்டிய ஓஸ் பைப்

அக்கா,

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும்போது உன் மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "சித்தி, அத்தை ஞாபகமா ஏதாச்சும் எடுத்துக்கங்க" என்று பீரோவைத் திறந்து காட்டினாள். நான் சேலை எதையும் தொடவில்லை. பின்கட்டில் ஆணியில் தொங்கிய நீல ஓஸ் பைப்பை எடுத்துக்கொண்டேன். "இதையா?" என்று சிரித்தாள். நாம் ராட்டின வண்டியில் வைத்திருந்த அதே பைப் இல்லை. அதற்கப்புறம் எத்தனையோ மாற்றியிருப்பாய். ஆனால் கட்டு அதே கட்டு. வளையமாகச் சுற்றி, இரண்டு வாயையும் ஒரு சின்ன பைப் துண்டில் செருகி, மேலே பழந்துணி சுற்றி இறுக்கியிருந்தாய்.

திண்டுக்கல் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். நான் இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், சொந்தம் இல்லாவிட்டாலும், நாம் இரண்டு குடும்பமும் ஒரே வண்டியில் இருந்தோம். ராட்டின முதலாளி பழைய லாரிக் கூண்டு ஒன்றுக்குச் சக்கரம் மாட்டி, டிராக்டர் இழுக்கிற மாதிரி செய்திருந்தார். உன் குடும்பத்துக்கும் என் குடும்பத்துக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய். தை பிறந்தால் கிளம்புவோம். இந்த வாரம் மாதா கோயில் திருவிழா, அடுத்த வாரம் மாரியம்மன் பொங்கல். ஆண்கள் ராட்டினம் மாட்டுவார்கள். நீ டிக்கெட் மேசையில் உட்காருவாய், நான் சமைப்பேன். வண்டியின் முன்பக்கம் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் டேங்க்தான் நமக்குக் குடிக்கவும் உலை வைக்கவும். அது உன் பொறுப்பு. யாரும் கொடுக்கவில்லை, நீயாக எடுத்துக்கொண்டது.

ஒரு ஊரில் ராட்டினத்தைப் பிரித்து மூட்டை கட்டுகிற அன்று டேங்கைக் காலி பண்ணிவிட்டு, தலையும் தோளும் உள்ளே விட்டு, தேங்காய் நாரால் தேய்ப்பாய். வெளியே உன் இடுப்பும் காலும் மட்டும் தெரியும். உள்ளேயிருந்து நீ பேசுவது ஒலிபெருக்கியில் பேசுவது போலக் கேட்கும். ஒரு தடவை நான் சோப்புத்தூள் எடுத்து வந்தேன். "வேணாம்டி இவளே. அப்புறம் ஒரு வாரத்துக்குக் காப்பித்தண்ணி எல்லாம் துணி அலசுன தண்ணியாட்டம் இருக்கும்" என்று உள்ளேயிருந்தே அதட்டினாய். நான் எதை எடுத்து வந்தேன் என்று எப்படித் தெரிந்ததோ.

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, அடியில் படிய விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் டேங்கில் ஊற்றிப் பாதிக்குத் தண்ணீர் விடுவாய். பிறகு சமையல் மூலையில் இருக்கும் குழாயைத் திறந்து, அதில் பிளீச்சிங் வாசம் வருகிற வரைக்கும் காத்திருந்து மூடுவாய். "டேங்க மட்டும் கழுவுனா ஆச்சா? நடுவுல பைப்புக்குள்ள கெடக்குறத யாரு குடிக்கிறது, நீயா?" என்பாய். அந்தத் தண்ணீரோடே வண்டி கிளம்பும். குலுங்கிக் குலுங்கி அடுத்த ஊர் சேரும்போது டேங்க் தானாகக் கழுவப்பட்டிருக்கும். "வேடசந்தூர் ரோடு இப்படியே கெடக்கட்டும் சாமி. எனக்குக் கைவலி மிச்சம்" என்று கும்பிடுவாய். போன இடத்தில் அதைத் திறந்துவிட்டு, வாசம் போகும்வரை அலசி, புதுத் தண்ணீர் நிரப்பி, ஈரக் கையால் மூடியில் ஒரு சிலுவை போடுவாய்.

முதல் டம்ளர் நீதான் குடிப்பாய். மற்றவர்களைக் குடிக்க விடமாட்டாய். "செத்த நேரம் பொறுங்க. நான் எந்திரிச்சு நடமாடுறேனான்னு பாத்துட்டுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பாய். நாங்கள் சிரிப்போம். நீயும் சிரிப்பாய். ஆனாலும் அந்தச் செத்த நேரம் முடியாமல் ஒருத்தரையும் குழாய்கிட்டே விட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நீ என்னைவிட ஒரு வகுப்புதான் கூடப் படித்தவள். இதையெல்லாம் யாரிடம் கற்றாய் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

நெய்க்காரப்பட்டியில் வண்டி நின்றபோது உன் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனாய். பஸ் ஏறும்போதுகூட, "நான் வார வரைக்கும் டேங்க நெரப்பாத. தண்ணி தீந்தா குடத்துல புடிச்சுக்க" என்றாய். மறுநாளே தீர்ந்துவிட்டது. குடம் தூக்க எனக்குச் சோம்பல். பக்கத்துத் தோட்டக்காரர், "மோட்டார் ஓடுதுங்க, வேணும்னா புடிச்சுக்கோங்க" என்றார். நல்ல தண்ணீர்தான். பைப்பைச் சொருகி இழுத்து வந்தேன். பாதி வழியில் என் மகள் மீனா ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்து, பைப்பை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினேன். மாடு கட்டியிருந்த இடம் அது. திரும்பி வந்தபோது பைப்பின் வாய் சாணிச் சேற்றில் கிடந்தது. முந்தானையால் ஒரு துடைப்பு துடைத்து டேங்குக்குள் விட்டேன்.

முதல் டம்ளரை நான் குடித்துப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் நாலு பேருக்கு வாந்தி, பேதி. மீனாவுக்கு அஞ்சு வயசு. கண் உள்ளே போய், தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. பழனி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீ கல்யாணச் சேலையோடு நேராக வார்டுக்கு வந்தாய். அவள் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாய். மறுநாள் காலையில் அவள் இட்லி கேட்ட பிறகுதான் நீ முகம் கழுவினாய்.

வண்டிக்குத் திரும்பியதும் நீ முதலில் டேங்க் பக்கம் போய் வந்தாய். முதலாளி நின்றுகொண்டிருந்தார். "டேங்கு யாரு பொறுப்பு? எவ செஞ்ச வேலையோ, அந்தக் குடும்பம் இன்னிக்கே மூட்டையக் கட்டட்டும்" என்றார். என் வீட்டுக்காரர் அவரிடம் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகவில்லை. நான் மீனாவைத் தூக்கி, அவள் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். நீ முன்னால் போய், "கல்யாண அவசரத்துல கழுவாமப் போயிட்டேன் மொதலாளி. என் தப்புத்தான்" என்றாய்.

பத்து வருஷம் கூட இருந்த உன்னை அவரால் அனுப்ப முடியவில்லை. ஆனால் டிக்கெட் மேசையிலிருந்து எழுப்பிவிட்டார். அந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன், அக்கா. நீ அடுப்படிக்குப் போனாய்.

கொஞ்ச நாளைக்கு என்றுதான் முதலாளி சொன்னார். நாம் வண்டியை விட்டுப் பிரிகிற வரைக்கும் அப்படியே ஆகிவிட்டது. கரண்டியும் கையுமாக மேசைப் பக்கம் வருவாய். "ஆபீசரம்மா, ஏழைக்கு ஒரு டிக்கெட்டு கிழிங்க" என்பாய். அதில் ஒரு நாள்கூட முள் இருந்ததில்லை. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

அன்று முதல்தான் நீ பைப்பின் இரண்டு வாயையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாய். பூச்சி புகாமல் இருக்கக் கட்டுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு விஷயம் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

நேற்று மீனா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பைப்பைப் பார்த்ததும், "பெரியம்மா கட்டுத்தான இது?" என்று கையில் வாங்கினாள். "எதுக்கு இப்படிக் கட்டுறீங்கன்னு சின்னப் புள்ளைல கேட்டேன். 'உங்கம்மா கையி பரபரன்னு இருக்கும், கீழ போட்டுட்டு ஓடிருவா. இப்படிக் கட்டி வச்சா கீழ விழுந்தாலும் வாயில மண்ணு போகாதுல்ல'ன்னுச்சு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு மிட்டாய் வேற வாங்கிக் குடுத்துச்சு."

ஆஸ்பத்திரியிலிருந்து வண்டிக்குத் திரும்பிய அன்றே காய்ந்த சாணியைப் பைப்பின் வாயில் பார்த்திருக்கிறாய். பார்த்துவிட்டுத்தான் முதலாளி முன்னால் போய் நின்றிருக்கிறாய்.

மீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றையும் சொன்னேன், நாற்காலியையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "நாற்காலியத் திருப்பிக் குடுக்கணும்னு உனக்குத் தோணவே இல்லையாம்மா?" என்று மட்டும் கேட்டாள். தோன்றியது, அக்கா. ஒவ்வொரு ஊரிலும் தோன்றியது. அடுத்த ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இன்று காலை மாடி டேங்கைக் கழுவினேன். தேங்காய் நாரால்தான். தலையை உள்ளே விட்டு, "கீழ போட்டது நான்தான் அக்கா" என்று சத்தமாகச் சொன்னேன். உன் குரல் போலவே பெரிதாகக் கேட்டது. பிறகு கீழே வந்து உன் கட்டைப் பிரித்தேன். மோந்து பார்த்தேன், ஒரு வாசமும் இல்லை. ஒரு வாயை மோட்டார் குழாயில் மாட்டிவிட்டு, மற்றதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படி ஏறினேன். வயசாகிவிட்டது, நடுவில் இரண்டு இடத்தில் நின்றேன். கீழே வைக்கவில்லை.

நிரம்பியதும் மூடியில் ஈரக் கையால் நீ போடுகிற குறியைப் போட்டேன். பிறகு முதல் டம்ளரைப் பிடித்துக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். மீனா பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கேட்டாள்.

"செத்த நேரம் பொறு" என்றேன்.