சேலை கட்டிய சீமைக்கருவேலம்

20-2-1994, ஞாயிறு

இன்று சீமைக்கருவேலத்தின் மீது போர் தொடுத்தேன்.

சீவலப்பேரிப் பக்கம் எங்கள் சாஸ்தா காட்டுக்குள் புகுந்து, இலுப்பைகளை ஒவ்வொன்றாக நெரித்துக் கொன்று, தாமிரபரணியையும் பாதி குடித்துவிட்டது. இன்னும் ஒரு வருஷம் விட்டால் டவுனுக்கு வந்து அல்வாவுக்கு வரிசையில் நிற்கும். மிச்சம் ஒரே இலுப்பை. அதுவும் போனால் சாஸ்தா விளக்குக்கு எண்ணெய் ஏது?

அந்தக் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது. பூசாரி அம்மையப்பன் பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ வந்தது. வந்தேறி மரத்தை மட்டும் வெட்டலாம்.

24-2

வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டினேன். துணி, என் மனைவி பிரம்மநாயகியின் பழஞ்சேலை. கேட்கவில்லை. மாமன்னர்கள் ராணியிடம் கேட்டா படை நடத்தினார்கள்? கேட்டிருந்தால் தோற்றிருக்க மாட்டார்கள், அது வேறு.

27-2

கரி வியாபாரி ஹாஜா கடப்பாரையும் ஆட்களுமாக வந்தார். போனால் - துணி கட்டிய மரத்திலெல்லாம் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். பெரிய முள்மரத்தடியில் பொங்கல் வேறு பொங்குகிறது.

அம்மையப்பன் என் நெற்றியிலும் குங்குமத்தை அப்பினார். "ஆத்தா சேலை கட்டி எறங்கியிருக்கா அண்ணாச்சி."

"வே, அது எம் பொண்டாட்டி சேலை வே."

"யாரு சேலையா இருந்தா என்ன? கட்டுனது அவல்லா."

ஹாஜா கடப்பாரையைப் பைய வண்டியில் வைத்தார். கும்பிடுகிற மரத்தில் கை வைத்தால் தன்னைத்தான் கரியாக்குவார்கள் என்று சொல்லிப் போய்விட்டார்.

28-2

பிரம்மநாயகி சேலையைத் தேடுகிறாள்.

6-3

முள்மரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பட்டினி கிடந்தே காட்டைத் தின்ற மரம். இனி? இலுப்பையில் ஒரு கிளை பட்டுவிட்டது. நெசமாவே பயமா இருக்கு. நாந்தானே கட்டுனேன் - என்னத்தச் செய்ய?

9-3

பிரம்மநாயகியிடம் பிடிபட்டேன். எல்லாம் சொன்னேன். சிரித்து முடிக்க அவளுக்கு ஒரு யுகம் ஆயிற்று. பிறகு, "கட்டத் தெரிஞ்ச ஒங்களுக்கு அவுக்கத் தெரியாதாக்கும்?"

10-3

விடிகாலையில் எல்லாத் துணியையும் அவிழ்த்து இலுப்பையில் கட்டினேன். முள் கீறிய உடம்போடு நிற்கையில் அம்மையப்பன் வந்தார். இலுப்பையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நெழலு கேட்டு மாறியிருக்கா, பாவம்" என்றார்.

இலுப்பையைச் சுற்றி முள். காட்டுக்குள் செருப்புப் போடக்கூடாது. வெறுங்காலோடு ஆத்தாவிடம் எப்படிப் போவது? மதியத்துக்குள் ஊரே மண்வெட்டியோடு இறங்கிவிட்டது. ஹாஜாவுக்கும் ஆள் போயிற்று.

27-3, பங்குனி உத்திரம்

முள் இல்லை. இலுப்பை பூத்துத் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. பிரம்மநாயகி தன் சேலைக் கிழிசலைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

திரும்பும் வழியில், தோண்டிய குழியோரம் ஒரு சீமைக்கருவேலந் துளிர். விரல் நீளம்தான். யாராவது துணி கட்டுவதற்குள் வேரோடு பிடுங்கினேன்.