வெள்ளிக்கிழமைக்குள்

சுஜிதா,

கிழித்துப் போடாமல் கடைசிவரை படி.

ஏலக்காய் குடோனில் உன் இடம் இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. அன்று நீ தரம் பிரித்து வைத்ததைக் கிளறிப் பார்த்துவிட்டு மேஸ்திரி, "ராத்திரி புருஷன் தூங்க விடலையாக்கும்?" என்றார். நாங்கள் ஆறு பேரும் சிரித்தோம். "அவ முறத்தக் குவியல்ல கொட்டுங்க. திரும்பப் பொறுக்கட்டும்" என்றார். உன் அரைநாள் வேலை அப்படியே கொட்டப்பட்டது. நீ எழுந்து போனவள், திரும்பி வரவில்லை.

நேற்று தேனி கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் புகார் கொடுக்க அங்கே ஒரு குழு இருக்கிறது. "மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்திரணும்மா" என்றார் அங்கிருந்த அம்மா. நமக்கு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

புகாரை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். சாட்சி என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. மேஸ்திரிக்குத் தெரிந்தால் எனக்கும் வேலை போகும். போகட்டும்.

முறத்தைக் கவிழ்த்தது யார் என்று கேட்பார்கள். நீ இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. நானே சொல்கிறேன், என் கைதான் என்று.

இப்படிக்கு,
உன் பக்கத்துச் சாக்கில் உட்கார்ந்திருந்தவள்