பக்கம் மாறிய கொய்யகம்

அன்புள்ள அக்கா,

இன்று காலை சீலைக்குக் குத்த எடுத்த சட்டைப்பின் கைநழுவிக் கட்டிலுக்குக் கீழே விழுந்துவிட்டது. குனிந்து தடவினேன். இடக்கை விரல்கள் தொட்டது ஊசியையா தரையையா என்றே தெரியவில்லை. இந்த மரமரப்பை உங்களுக்குத் தெரியும். அப்போது வலக்கை, இப்போது இடக்கையின் முறை.

டொக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்துவிட்டு, இதையும் ஒப்பரேசன் செய்து வெட்டத்தான் வேணும் என்று சொல்லிவிட்டார். "வீட்டில உதவிக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

"ஒரு அக்கா வருவா" என்றேன். வாயில் அதுதான் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருசமாகிறது.

ஓர்ஸ் ஹில் கந்தோரில் அடுத்த மேசையில் இருந்து டைப் அடித்த நீங்கள்தான் என் கையின் கோளாறை முதலில் கண்டது. "என்ன பிள்ளை, நனைஞ்ச கோழி மாதிரிக் கையை உதறுறீர்?" என்றீர்கள். நான் வாதம் என்று நினைத்து எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தேன். நீங்கள்தான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். மணிக்கட்டுக்குள்ளே நரம்பு நெரிபடுகிறதாம். உள்ளங்கையின் அடியில் சின்ன வெட்டு, ஐந்து தையல். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, "கையைத் தூக்கிப் பிடியும், பஸ்ஸை மறிக்கிற மாதிரி" என்று என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

தையல் வெட்டியதும் வேலைக்கு வராவிட்டால் பைல் அறைக்கு மாற்றுவோம் என்று பெரிய கிளாக்கர் சொல்லியனுப்பியிருந்தார். எனக்கு இருந்தது அந்த மெஷினும் அந்த மேசையும்தான். எப்படியும் போயே தீருவேன் என்றேன்.

"ஒரு விரலால டைப் அடிக்கலாம். ஒரு கையால சீலை உடுக்க ஏலாது" என்றீர்கள். மறுநாளே அன்புவழிபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து என் அறை வாசலில் வந்து நின்றீர்கள்.

பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, என் முன்னால் முழங்காலில் இருந்து சீலையின் முன்மடிப்பை, கொய்யகத்தை, மடித்தீர்கள். கந்தோருக்குப் போன பிறகுதான் தெரிந்தது, மடிப்பெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. உங்களுக்கு நீங்களே உடுத்திப் பழகிய கை. எதிரே இருந்து மடித்ததில் பக்கம் மாறிவிட்டது. கந்தோர் முழுக்கச் சிரிப்பு. எனக்குப் பொல்லாத கோபம்.

"ஒருத்தருக்கும் உடுத்திவிட்டுப் பழக்கமில்லையோ?" என்று சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

நீங்கள் மெஷினில் தாளைச் செருகிக்கொண்டே சொன்னீர்கள். "உடுத்திவிட எனக்கு ஒரு பிள்ளையோ தங்கச்சியோ இருந்ததோ?"

நாளைக்கு வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். வந்தீர்கள். ஆனால் எனக்கு முன்னால் இருக்கவில்லை. கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருவர் நிற்க இடம் போதாதென்று கட்டிலைச் சுவரோரமாகத் தள்ளினீர்கள். எனக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் என் இடுப்பைச் சுற்றி முன்னே கொண்டுவந்து, உங்களுக்கே உடுத்துகிற மாதிரி மடித்தீர்கள். கொய்யகம் சரியான பக்கம் விழுந்தது. உங்கள் நாடி என் தோளில் ஊன்றியிருந்தது. அம்மா போன பிறகு என்னை அப்படி ஒருவரும் பிடித்ததில்லை.

மடித்துக்கொண்டே பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடச் சொல்லுவீர்கள். நாலாம் கிழமை சுண்டுவிரலையும் தொட்டேன். சட்டைப்பின்னையும் நானே பூட்டினேன். ஆனால் பின்னேரம் நீங்கள் பஸ் ஏறி வீட்டுக்குப் போன பிறகு, தனியே இருந்துதான் பூட்டிப் பார்த்தேன். அடுத்த நாள் "இன்னும் ஏலாது அக்கா" என்றேன். இன்னும் இரண்டு கிழமை அப்படியே சொன்னேன். வெட்கம் கெட்ட பொய்.

கடைசியில் நீங்களே சிரித்துவிட்டுச் சொன்னீர்கள். "கை தேறினது எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் சும்மாதான் வந்தனான்."

நீங்கள் போன அன்று, கோயில் ஆட்கள் சவப்பெட்டி கொண்டுவர முன்னம் உங்களுக்குச் சீலை உடுத்த என்னைத்தான் கூப்பிட்டார்கள். நீலப்பூ வொயில் சீலை. பக்கத்தில் முழங்காலில் இருந்து மடித்தேன். நான் மட்டும் யாருக்கு உடுத்திவிட்டிருக்கிறேன்? எல்லா மடிப்பும் எதிர்ப்பக்கம் விழுந்தது. அவிழ்த்து மடித்தேன், திரும்பவும் அப்படித்தான். படுத்திருக்கிற உங்களுக்குப் பின்னால் நான் எப்படி நிற்பது?

"பக்கம் மாறிப் போச்சே" என்றாள் அங்கே நின்ற ஒரு கிழவி.

"இருக்கட்டும்" என்றேன். அப்படியே உங்களை அனுப்பிவிட்டேன். நீங்கள் சிரித்திருப்பீர்கள். நான்தான் அன்று அழுது முடிக்கவில்லை, இன்றும் முடிக்கவில்லை.

திங்கட்கிழமை கை வெட்டு. இன்று வலக்கையால் மட்டும் உடுத்திப் பார்த்தேன். மூன்றாம் மடிப்போடு எல்லாம் சரிந்து காலடியில் விழுந்தது. வாசல் பக்கம் நடக்க இடமில்லை, இந்தக் கட்டிலைப் பழையபடி தள்ளிப் போடுங்கோவன் என்று வீட்டுக்காரி சொல்லிக்கொண்டே இருக்கிறா. நான் தள்ளவில்லை, அக்கா. கண்ணாடிக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம்.